ஈச்சங்கரையில் தங்கிவிட்ட குரல்

நான் ஈச்சங்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, பஸ்ஸிலிருந்து வலது காலை எடுத்துத் தரையில் வைப்பதற்குள், “புதுமணப்பெண் மகிழ்ச்சியுடன் ஊருக்குள் அடியெடுத்து வைக்கிறார்” என்று தலைக்கு மேலே ஓர் ஆண்குரல் சொன்னது. அண்ணாந்து பார்த்தேன், வேப்பமரம் இருந்தது, கரண்டுக் கம்பி இருந்தது, கம்பியில் காக்கை இருந்தது, ஆள் இல்லை. மகிழ்ச்சி என்று சொல்லும்படி அப்போது எனக்கு எதுவும் இல்லை, வழியெல்லாம் வாந்தியெடுத்து வயிறு காலியாகக் கிடந்தது, மாலையின் நார் கழுத்தை அறுத்தது, கூட வந்த வீட்டுக்காரர் முகத்தை நான் இன்னும் நேராகப் பார்த்திருக்கவில்லை. “அது யாரு?” என்று கேட்டேன். “அதுவா, அது நம்ம குரல்” என்று சொல்லிவிட்டு அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

குரல் எப்படி வந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லாக் கதைக்கும் பொதுவான பாகத்தை மட்டும் நான் சொல்கிறேன். மேலிடத்தில் ஒரே ஒருவர் பேச, நாட்டில் பாக்கி எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்ததில்லையா, எங்கள் பக்கத்தில் அதை வாய்ப்பூட்டுக் காலம் என்பார்கள், அந்தக் காலத்தில் ஈச்சங்கரையின் ரோட்டை அகலப்படுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்து, கிட்டங்கித் தெருவை இடித்தார்கள். கிட்டங்கி என்றால் சரக்கு மூடைகளை அடுக்கி வைக்கிற கட்டடம், அந்தக் கட்டடங்களின் பின்சுவரை ஒட்டி மூடை தூக்குகிற குடும்பங்கள் வீடு கட்டிக் குடியிருந்தன, அதுதான் தெரு. இடிப்பதைப் படம் பிடிக்க சர்க்கார் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள், பிறகு அந்தச் செய்திப்படத்தை ஜெயவிலாஸ் டாக்கீஸில் பெரிய படத்துக்கு முன்னால் போட்டார்கள், யாரும் பீடி குடிக்க எழுந்து போய்விடக் கூடாது என்று வாசலில் போலீஸ் நின்றது. திரையில் வீடுகள் சரிய, பின்னணியில் கணீரென்று ஒரு குரல், “கிட்டங்கித் தெரு மக்கள் தாமாகவே முன்வந்து, மகிழ்ச்சியுடன், தங்கள் இல்லங்களை நாட்டுக்கு அளிக்கின்றனர்” என்று சொன்னது. படம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது அந்தக் குரலும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிட்டது, வந்தது திரும்பிப் போகவில்லை. படப்பெட்டியைச் சரியாக மூடாமல் விட்டான் என்று டாக்கீஸ் ஆபரேட்டரை இன்றைக்கும் ஏசுகிறவர்கள் உண்டு.

குரல் வந்ததில் எனக்கு அதிசயம் இல்லை, ஊர் அதை வைத்துக்கொண்ட விதத்தில்தான் அதிசயம். முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டார்களாம், இரண்டாவது வாரம் பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்தார்களாம், அவர் உடுக்கை எடுத்ததும் குரல், “கிராமியக் கலைஞர் தம் திறமையை வெளிப்படுத்துகிறார்” என்று சொல்ல, அவர் கூச்சப்பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாராம். அப்புறம் பழகிவிட்டது. வீட்டுக்குள் அது வராது, வெளியே பேசுவதுதான் உள்ளே கேட்கும், அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்த குரல். வெளியே, ஆகாயம் தெரிகிற இடத்தில் யார் எது செய்தாலும் சொல்லும், அடிபம்பில் குடத்தால் குடத்தை இடித்துக்கொண்டு பெண்கள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டால், “தாய்மார்கள் வரிசையில் நின்று கருத்துகளைப் பரிமாறிக்கொள்கின்றனர்” என்று சொல்லும், திட்டிக்கொண்டவர்களுக்கே சிரிப்பு வந்து சண்டை பாதியில் நின்றுவிடும். சுவரேறிக் குதிக்க வந்த வெளியூர்த் திருடனைப் பார்த்து, “இளைஞர் ஒருவர் உடற்பயிற்சியில் ஈடுபட்டுள்ளார்” என்று அது ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னதிலிருந்து ஈச்சங்கரையில் களவு இல்லை. சாவு வீட்டில் மட்டும்தான் சிக்கல், பாடையைத் தூக்கியதும், “உறவினர்கள் மகிழ்ச்சியுடன்” என்று அது தொடங்கும், தெருவே கல்லை எடுத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்து எறியும், கல் திரும்பி யார் தலையிலாவது விழும், அதற்காக சாவு ஊர்வலத்தில் எல்லாரும் தலையில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்கிற பழக்கம் வந்தது. வெளியூர்க்காரர்கள் அதை எங்கள் குலவழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் பழகிவிட்டேன். மாசமாக இருந்தபோது துணி காயப்போடப் போனால், “வருங்காலத் தாய்” என்று அது மரியாதையாகச் சொல்வது, என் மாமியார் சொல்லாத ஒரு நல்ல வார்த்தையை யாரோ சொல்வதாக இருந்தது, பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. மேலிடத்தில் இருந்தவர் விழுந்தார், போலீஸ் தொப்பியின் நிறம் மாறியது, டாக்கீஸில் பீடி குடிக்க எழுந்துபோகலாம் என்று ஆனது, நாடே வாயைத் திறந்து பேசியது. எங்கள் குரல் மட்டும் அது எதுவும் தெரியாமல், அகலமான ரோட்டில் யார் நடந்தாலும், “தாமாகவே முன்வந்து, மகிழ்ச்சியுடன்” என்று பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தது.

இதில்தான் கோளாறு வந்தது. தினமும் கேட்கிற பேச்சு காதோடு நிற்பதில்லை. வீட்டை இழந்தவர்களே, கேட்டால், “நாங்கதாம்மா குடுத்தோம், ரோடு வேணும்லா” என்று சொல்ல ஆரம்பித்தார்கள், அதைச் சொல்லும்போது அவர்கள் குரலும் அதைப் போலவே கணீரென்று மாறும், கொஞ்சம் பெருமைகூட வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதினால் எல்லாக் கட்டுரையும் ஒரே கட்டுரையாக இருந்தது. ஊரில் ஒருத்தி மட்டும் அப்படிச் சொல்லவில்லை, அவள் என் வீட்டுக்காரரின் அக்கா, செண்பகவடிவு மதினி.

மதினி ரோட்டு முக்கில் மாவு மில்லில் வேலை பார்த்தாள். மிளகாயும் கோதுமையும் அரைபடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது, குரல் எங்கே கேட்கப்போகிறது, ஊரிலேயே குரல் கேட்காத ஒரே இடம் அதுதான், அதற்காகவே அங்கே வேலை கேட்டு வாங்கினாள். நான் வந்த புதிதில் அவளுக்குப் புருஷன் இல்லை என்பது தெரியும், என்ன ஆனார் என்று தெரியாது, வீட்டில் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். படம் இல்லை, திவசம் இல்லை. அவள் நெற்றியில் பொட்டு இருந்தது, தாலி இருந்தது. தலைமுடியிலும் புருவத்திலும் மாவு படிந்து, வெள்ளைக்காரி போல வீட்டுக்கு வருவாள், வந்ததும் சிரித்துக்கொண்டே, “ஏட்டி கோமு, இன்னைக்கி உன்னிய என்னன்னு சொல்லிச்சு?” என்று கேட்பாள். சிரிக்கிறவள்தான். உம்மென்று இருக்கிறவளாக அவளை நினைத்துவிடக் கூடாது.

மேலிடத்தில் இருந்தவர் விழுந்த அந்த வருஷம் விசாரணை அதிகாரி ஒருவர் வந்தார். வாய்ப்பூட்டுக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள். மதினி கஞ்சிபோட்ட சேலை கட்டி, மாவெல்லாம் போகக் குளித்து, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், என் வீட்டுக்காரர் லாரியில் வெளியூர் போயிருந்தார். வகுப்பறை நிறைய ஆள், டீக்கடை அணைஞ்சபெருமாள் அண்ணாச்சி முதல் பழைய கிட்டங்கித் தெருக்காரர்கள் அத்தனை பேரும் பெஞ்சில் இருந்தார்கள். அதிகாரி நல்ல மனுஷன்தான், “உட்காருங்கம்மா” என்றார். மதினி, “எங்க வீட்டுக்காரவுகள இடிக்க வந்த வண்டி சாய்ச்சிட்டுய்யா, ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாக, ஆசுபத்திரிக்குன்னு சொன்னாக, எந்த ஆசுபத்திரின்னு யாரும் சொல்லல” என்றாள். “அவர் பெயர்?” என்றார் அதிகாரி.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் பக்கத்தில் நிற்கிறவரைத் திரும்பிப் பார்ப்பாள், அவர் எடுத்துச் சொல்வார், இவள், “ஆமா, அவுகதான்” என்பாள். அதுதான் நடைமுறை, கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். மதினி முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை. யாருமே என்னிடம் அந்தப் பேரைச் சொன்னதில்லை. பிறகு அவள் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தாள், பார்த்த இடமெல்லாம் தலைகள் குனிந்தன, ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்தார், அணைஞ்சபெருமாள் அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, “அப்படி ஒருத்தர் இருந்ததா யாருமே சொல்லலையேம்மா” என்றார். வெளியே வந்ததும் தலைக்கு மேலே குரல், “விசாரணைக்குப் பொதுமக்கள் முழு ஒத்துழைப்பு நல்கினர்” என்றது. அன்றைக்குத்தான் மதினியைச் சிரிப்பில்லாமல் நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவர் பேர் என்ன என்று நான் என் வீட்டுக்காரரை நச்சரித்துக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நடந்ததையும் மதினியிடமிருந்து சிறுகச் சிறுகத் தெரிந்துகொண்டேன், அது ஊர் சொன்னதில்லை, மில் இரைச்சலுக்கு நடுவே பெண்கள் ஒவ்வொருத்தியாக மதினியின் காதில் வாயை வைத்துச் சொன்னது, வெளியே வந்தால் அவர்களே அதைச் சொன்னதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இடித்த அன்று மதினி தட்டுமுட்டுச் சாமானை அம்மா வீட்டில் கொண்டுபோய்ப் போடப் போயிருந்தாள். அவள் புருஷன் வாசற்படியில் உட்கார்ந்து, எழுந்திரிக்க மாட்டேன் என்றிருக்கிறார். படம் எடுக்கிறவன் முதலில் எடுத்தபோது ஜனங்கள் மரம்போல நின்றார்கள், அது அவனுக்குப் பிடிக்கவில்லை, மறுபடி எடுக்கலாம், எல்லாரும் சந்தோஷமாகக் கைதட்டுங்கள் என்றான். இடிக்கிற வண்டிக்காரனிடம் படக்காரர்கள் சொல்லிவைத்தது வேறு, கைதட்டுச் சத்தம் கேட்டதும் வண்டியை விடு என்று. தட்டியவர்களுக்கு அது தெரியாது. அணைஞ்சபெருமாள் அண்ணாச்சி முதலில் கையைத் தட்டினார், ஊர் தட்டியது, வண்டி நகர்ந்தது, வாசற்படியில் இருந்தவர் கத்தியது கைதட்டலில் கேட்கவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஊர்க்காரர்கள் மேல் கோபம் வந்தது, அப்புறம் பரிதாபமும் வந்தது. குரல் சொன்னதை ஏன் அத்தனை ஆசையாக நம்பினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இப்படி வருஷங்கள் போக, தலைநகரிலிருந்து ரெபேக்கா என்று ஒரு பெண் கேமராவும் ஒலிப்பதிவு மிஷினுமாக வந்து இறங்கினாள். வாய்ப்பூட்டுக் காலத்தை ஜனங்கள் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று ஆவணப்படம் எடுக்கிறாளாம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே குரல், “அரசுப் படக்குழுவினர் வருகை தருகின்றனர்” என்றது. அவள் காதுமாட்டியைக் கழற்றிவிட்டு ஆகாயத்தைப் பார்த்து, “நான் அரசு இல்லைங்க” என்று பதில் சொன்னாள். ஊருக்கு அவளை உடனே பிடித்துப்போனது, இத்தனை வருஷத்தில் குரலோடு நின்று வாயாடின முதல் ஆள் அவள்தான்.

ஆனால் வேலை நடக்கவில்லை. அவள் ஒவ்வொருவராக வாசலில் உட்காரவைத்துக் கேட்டாள், ஒவ்வொருவரும் முதுகை நிமிர்த்தி, “கிட்டங்கித் தெரு மக்களாகிய நாங்கள் தாமாகவே முன்வந்து” என்று ஆரம்பித்தார்கள். அதற்கு மேலே குரல் வேறு, “மூத்த குடிமகன் தம் அனுபவங்களை மகிழ்ச்சியுடன் பகிர்ந்துகொள்கிறார்” என்று குறுக்கே விழுந்தது. வாரம் முழுக்கப் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டால் எல்லாமே பழைய செய்திப்படமாக இருந்தது. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பப் போனவளை நான்தான், பள்ளிக்கூடத்து விசாரணையில் நடந்ததைச் சொல்லி, இழுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போனேன்.

மில்லை நிறுத்தச் சொல்லி அவள் சைகை காட்டினாள், மதினி மாட்டேன் என்று தலையாட்டினாள், பிறகு இருவரும் இரைச்சலிலேயே கத்திப் பேசினார்கள், பக்கத்தில் நின்று கேட்ட எனக்குத் தொண்டை வலித்தது.

“விசாரணையில நீங்களே பெயரைச் சொல்லியிருக்கலாமே அக்கா?”

“சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத பேரா அது?” என்றாள் மதினி. “நான் சொல்லுததுக்கா போனேன்? அவுக சொல்லுதாகளான்னு பாக்கப் போனேன். நான் ஒருத்தி சொன்னா அது எம் புருசன். ஊரு சொன்னாத்தான் அவுக இந்த ஊர்ல இருந்தாகன்னு ஆகும்.”

 பிறகு மதினிதான் கேட்டாள், “ஏம்மா, நீ இந்த வேலை தெரிஞ்சவ. படத்துல பேசுதானே, அவன் எப்பிடிப் பேசுதான்? அவனாத் தோணுறதப் பேசுவானா?”

“இல்லக்கா. ஒரு ரூம்ல உக்காரவெச்சு முன்னாடி படத்தை ஓட்டுவாங்க. என்ன தெரியுதோ அதுக்குத்தான் பேசணும். படத்தை மாத்தி வெட்டினா பேச்சையும் மாத்தியாகணும்.”

மதினி கோதுமையை மில்லின் வாயில் தள்ளிக்கொண்டே யோசித்தாள், அவள் யோசிப்பது உதட்டில் தெரியும். “அப்போ படத்தத்தான் மாத்தணும்” என்றாள். “அன்னைக்கி முதல்ல எடுத்தது இருக்குல்லா, யாரும் கைதட்டாம நின்னது. அவனுக்குப் பிடிக்கலன்னு தூரப் போட்டானே, அத எடுப்போம்.” ரெபேக்கா ஆவணப்படத்தில் நடிக்கவைப்பது முறையில்லை என்று ஏதோ சொன்னாள். “நடிக்க வேண்டாம், அவுகவுக நின்ன இடத்துல நிக்கட்டும்” என்றாள் மதினி. மில் இரைச்சலில் ரெபேக்காவுக்கு முழுசாகக் கேட்டதோ என்னவோ, தலையாட்டினாள்.

ஊரைக் கூட்டுவது லேசாக இல்லை. பெண்கள் சரி என்றார்கள், ஆண்கள் அணைஞ்சபெருமாள் அண்ணாச்சி வந்தால் வருகிறோம் என்றார்கள். அவருடைய டீக்கடை மட்டும்தான் அன்றைக்கு இடிபடாமல் தப்பியது, வருஷக்கணக்காகக் குரல் அவரைத் தினமும் புகழ்ந்துகொண்டிருந்தது. நானும் மதினியும் போனபோது கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம சந்தை லீவு. எல்லாரும் ரோட்டுக்கு வாராக, நீங்களும் வரணும்.”

“பழசப் போட்டு எதுக்குத் தாயி கிண்டுத?”

“கிண்டல அண்ணாச்சி. அன்னைக்கி எங்க நின்னீகளோ அங்கயே நில்லுங்க, போதும்.”

“நின்னு?”

“நின்னு, கையத் தட்டாம இருங்க.”

மேலே குரல், “தேசப்பற்று மிக்க வணிகர் வாடிக்கையாளரை இன்முகத்துடன் வரவேற்கிறார்” என்றது. அவர் முகம் இன்முகமாக இல்லை, துடைத்த டம்ளரையே திரும்பத் திரும்பத் துடைத்தார். “தெனமும் கடையத் தொறக்கும்போது இது இப்பிடிச் சொல்லுது பாத்துக்க” என்றார் மெதுவாக. “எனக்கு உள்ள எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றாள் மதினி. “இத்தன வருசத்துல நீங்க சொல்லலயே.” அவர் இரண்டு டீ போட்டுக் கொடுத்தார், வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, அவர் வராவிட்டால் என்ன செய்வாய் என்று மதினியைக் கேட்டேன். “மில்லுக்குள்ளயே இருந்துக்கிட வேண்டியதுதான்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பழைய கிட்டங்கித் தெருப் பெண்கள் கோலப்பொடியோடு வந்து, தார் ரோட்டின் மேலே அவரவர் வீடு இருந்த இடத்தில் கோடு இழுத்தார்கள், இழுக்க ஆரம்பித்ததும் சண்டை வந்தது. “ஒங்க சுவரு இம்புட்டுத் தூரம் எங்கிட்டு வந்துச்சு? எங்க கோழிக்கூடு இங்கதான் இருந்துச்சு” என்று ஒருத்தி, “ஒங்க கோழி எங்க அடுப்புலதான் கெடக்கும், அது தெரியாதா எனக்கு” என்று இன்னொருத்தி, நாங்களே கொடுத்துவிட்டோம் என்று இத்தனை காலம் கணீரென்று சொன்னவர்கள் ஒரு சாண் சுவருக்காகக் குடுமியைப் பிடிக்காத குறையாக நின்றார்கள். யார் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது, யார் வீட்டில் மழைக்கு ஒழுகும், எந்த மூலையில் யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது, ஆண்களும் கூடச் சேர்ந்தார்கள், சிரிப்பும் ஏச்சுமாகத் தெரு தரையிலிருந்து எழுந்து வந்தது. குரல் திணறியது, “தாய்மார்கள்” என்றது, நிறுத்தியது, “தாய்மார்கள் கோலமிடுகின்றனர்” என்று ஒப்பேற்றியது. மத்தியான பஸ் வந்து நின்று, மேலே போக வழியில்லாமல், கண்டக்டரும் பிரயாணிகளும் இறங்கி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு மனசெல்லாம் நிறைந்திருந்தது, அந்தத் தெருவை நான் பார்த்ததே இல்லை, இருந்தாலும் அதில் எந்த வீட்டுக்கும் வழி சொல்லிவிடுவேன் போலிருந்தது.

ஒரு வீட்டுக்கு மட்டும் யாரும் கோடு இழுக்கவில்லை. மதினி குனிந்து அவளே இழுத்தாள், சின்ன வீடு, வாசற்படிக்கு இரண்டு தடவை பொடி போட்டாள். படியில் யார் உட்காருவது என்று ரெபேக்கா கேட்டாள். “யாரும் வேண்டாம்” என்றாள் மதினி. வாடகைக்குக் கொண்டுவந்த டிராக்டர் எதிரே வந்து நின்று உறுமியது. ஜனங்கள் அன்றைக்கு நின்ற இடம் பார்த்துப் போய் நின்றார்கள், யாரும் வழிகாட்டவில்லை, கால்களுக்குத் தெரிந்திருந்தது. டீக்கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கடையை அடைத்துவிட்டு, அணைஞ்சபெருமாள் அண்ணாச்சி கடைசியாக வந்து, எல்லாருக்கும் முன்னால் போய் நின்றார்.

ரெபேக்கா கேமராவை ஓட்டினாள். யாரும் கைதட்டவில்லை. கைகளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, சிலர் பின்னால் கட்டிக்கொண்டார்கள், சிலர் அக்குளில் செருகிக்கொண்டார்கள், ஒரு அம்மா பக்கத்திலிருந்தவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டிராக்டர்க்காரர் என்ஜினை அணைத்தார். அப்புறம் சத்தமே இல்லை, அந்த ஊரில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. “கிட்டங்கித் தெரு மக்கள் தாமாகவே” என்று குரல் ஆரம்பித்தது, நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, “தாமாகவே முன்வந்து” என்றது, நின்றது. பேப்பரைப் புரட்டுகிற மாதிரி மேலே ஏதோ சரசரத்தது. ஜனங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு குரல், இத்தனை வருஷத்தில் எதையுமே யாரிடமும் கேட்டறியாத அந்தக் குரல், எங்களைக் கேட்டது. “வாசற்படியில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் யார்? அவர் பெயர் என்ன?”

கோலப்பொடிக் கோட்டைத் தவிர அங்கே எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. குரலுக்குத் தெரிந்தது. மதினி திரும்பிப் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே பார்வை. எனக்கு இப்போது பேர் தெரியும், நாக்கு நுனியில் இருந்தது, வாயைத் திறந்துவிட்டேன், மதினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். “நீ சொல்லாத கோமு” என்றாள் மெதுவாக. “நீ அன்னைக்கி இங்க இல்ல.”  அண்ணாந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன, இந்தத் தடவையும் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன்.

“மந்திரமூர்த்தி.”

அணைஞ்சபெருமாள் அண்ணாச்சி சொன்னார். சொன்னவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்து, சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். “மந்திரமூர்த்தி. கிட்டங்கியில மூட தூக்குவான். எங்கடையிலதான் டீ குடிப்பான், சீனி தூக்கலாப் போடணும் அவனுக்கு. நான்தான் மொதல்ல கையத் தட்டுனேன். அவன் எந்திரிக்க மாட்டேன்னு சொன்னான்.” அதற்கு மேல் அவரால் முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டார். கோழிக்கூட்டுக்குச் சண்டை போட்டவள், “மந்திரமூர்த்தி” என்றாள், அவளோடு மல்லுக்கு நின்றவள், “மந்திரமூர்த்தி அண்ணன்” என்றாள், பின்வரிசையிலிருந்து ஒருவர், ஓரத்திலிருந்து ஒருவர், அப்புறம் யார் சொல்கிறார்கள் என்று தெரியாதபடி கிட்டங்கித் தெரு முழுக்க அந்தப் பேரைச் சொன்னது, என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே சொன்னார், சம்பந்தமே இல்லாத கண்டக்டரும் சொன்னார்.

குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. ஓய்ந்ததும், கணீரென்று இல்லாமல், களைத்துப்போன ஒரு வயசாளி போல, மெதுவாகச் சொன்னது: “மந்திரமூர்த்தி. கிட்டங்கித் தெருவில் வாழ்ந்தவர். அவர் தாமாக முன்வரவில்லை.” கொஞ்சம் நிறுத்தி, மதினியைப் பார்த்துத்தான் கேட்டிருக்க வேண்டும், “சரிதானா அம்மா?” என்றது.

மதினி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் என்னவென்று சொல்வேன்.

“ஆமா” என்றாள். “அவுகதான்.”